சிரட்டை நீட்டிய பிள்ளை

சென்ற ஆவணியில் வவுனியாக் கலியாண மண்டபம் ஒன்றில் நாங்கள் ஆறு பேர் ஒரே மேசையில் அகப்பட்டுக்கொண்டோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லாரும் தொண்ணூறுக்கு முன்பின் பிறந்து வன்னியில் வளர்ந்தவர்கள். ஒருத்திக்கு மூட்டு வலி, ஒருவனுக்கு முன்மண்டை வெளித்துவிட்டது, எனக்குக் காதோரம் நரை. நமக்கு வயது மற்ற ஊர்க்காரரைவிட வேகமாகப் போகிறது என்று யாரோ சொல்லிச் சிரித்தீர்கள்.

நம்மில் ஒருத்தியின் மடியில் அவளுடைய மகன் இருந்தான். ஐந்து வயது. மேசை விரிப்பின் ஓரத்து நூலை இழுத்துக்கொண்டிருந்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம், திரும்பவில்லை. திடீரென்று தாயின் கையைப் பிடித்து இழுத்துச் சோடாப் போத்தலின் மூடியில் வைத்தான். அவள் கையை உதறினாள். மறுபடியும் வைத்தான். "சும்மா இரடா, குழப்படி" என்று அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "கொரோனாவுக்க பிறந்தவன். மனுசரைக் காணாமல் வளந்ததால கதைக்கேல்லை. பள்ளிக்கூடம் போனாச் சரியாகிடும்."

நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். "ஓமோம், சரியாகிடும்" என்றீர்கள்.

நான் சாப்பாட்டுக்கு முன்னரே எழுந்து போய்விட்டேன். கோபித்துக்கொண்டு போனேன் என்று பிறகு கதைத்தீர்களாம். அது சரிதான். அந்தக் கோபம் அன்று வந்ததல்ல, இருபது வருடத்துக்கு மேல் பழையது. நான் வரலாறு படித்தவள் அல்ல. கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசிப்பவள், எது எந்த மாதத்தில் நடந்தது என்பதை விடாமல் பிடித்து வைத்திருப்பவள். அதனால் ஒழுங்காகவே சொல்கிறேன்.

என் தம்பி 1997இல் பிறந்தான். கனகராயன்குளத்தை விட்டு ஓடி மல்லாவிப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தோம். ஓடிய வழியில், அம்மாவுக்கு ஏழு மாதமாக இருந்தபோது, எங்களுக்குப் பின்னால் ஒரு ஷெல் விழுந்தது. அடுத்த வருடம் இன்னொரு ஷெல்லில் அப்பா போனார். தம்பி இரண்டு வயதிலும் கதைக்கவில்லை, மூன்று வயதிலும் கதைக்கவில்லை. காரணம் தேடி ஒருவரும் தூரம் போகவில்லை. "வயித்துக்கையே ஷெல்லுக்குப் பயந்த பிள்ளை" என்றார்கள். அந்தச் சொல்லில் ஒரு மரியாதையும் இருந்தது. கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள், அம்மாவின் தோளைத் தடவினார்கள். கோயிலில் முன்னுக்கு விட்டார்கள்.

2002 மாசியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. சித்திரையில் ஏ-ஒன்பது பாதை திறந்தது. வைகாசியில் நாங்கள் கனகராயன்குளத்துக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை. சுவரில் பூவரசு முளைத்திருந்தது. பக்கத்து வளவில் அப்பாவின் தமையன், எங்கள் பெரியப்பா, தன் வீட்டை முதலில் வேய்ந்து முடித்துவிட்டு எங்களுடையதையும் வேய்ந்து தந்தார். அப்பாவின் வயலையும் அவரே செய்வித்தார். அரிசி தவறாமல் வரும். அவர் கெட்ட மனிதர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் என் கோபத்துக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

திரும்பி வந்த அன்றே பெரியப்பா முற்றத்தில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"இனி ஷெல்லும் இல்லை, குண்டு போட கிபிர் பிளேனும் இல்லை. பிள்ளைக்குப் பயம் தெளிஞ்சிடும். பொங்கலுக்குள்ள வாய் திறக்கிறானோ இல்லையோ பாருங்கோ."

எங்களைத் தவிர வேறு எந்த ஊர்ச் சனமாவது இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு. சமாதானத்தையே மருந்தாகக் கொடுத்தோம். வைத்தியம் பத்தியத்தோடு நடந்தது. தம்பி இருக்கும் இடத்தில் சத்தம் கூடாது. அம்மா மா இடிக்க வேண்டுமென்றால் உரலைத் தூக்கிக்கொண்டு வளவின் கடைசிக்குப் போவார். வானொலிப் பெட்டி அலுமாரிக்குள் போனது. என் சைக்கிள் மணியின் மேல் மூடியைப் பெரியப்பா தன் கையாலேயே கழற்றினார். "உது கிணிங் கிணிங் எண்டால் பிள்ளை திடுக்கிடும்." ஊரெல்லாம் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்ட காலத்தில், எங்கள் வீட்டில் மட்டும் பங்கருக்குள் இருந்த நாட்களைப்போல மூச்சுப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தோம்.

ஆனால் தம்பி சத்தத்துக்குப் பயந்தவனே அல்லன். சிறுபோக வயலில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் உறுமினால் இவன் வரம்பால் ஓடிப்போய் அதன் எண்ணெய்த் தாங்கியில் கன்னத்தை வைப்பான். அந்த அதிர்வில் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பான். மூக்கெல்லாம் டீசல் மணக்கும். தீபாவளிக்கு முதல் வெடி வெடித்தபோது கைதட்டிக் குதித்தான். பெரியப்பாவோ பாய்ந்து அவன் காதைப் பொத்தித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். இவன் அவர் தோளில் கிடந்து முற்றத்தைப் பார்த்துக் கத்தினான். "பாத்தியளே, எப்பிடிப் பயப்பிடுறான்" என்றார் பெரியப்பா. பதின்மூன்று வயதான எனக்கே அது விளங்கியது. சுற்றி நின்ற பெரியவர்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அவன் கை அதைவிடக் கொடுமை. தம்பிக்கு எதுவும் வேண்டுமென்றால் முதலில் சிணுங்குவான். பிறகு கத்துவான். நாங்கள் குசினியில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக அவன் முன் பிடிப்போம், சந்தையில் ஏலம் போடுவதைப் போல. பாண், வாழைப்பழம், தலையணை, அம்மாவின் சீலைத் தலைப்பு. எங்களுக்குப் பிடிபடாவிட்டால் தன் வலது மணிக்கட்டைக் கடிப்பான். பல் பதியும்வரை அல்ல, தோல் கிழியும்வரை. அந்தப் புண் ஆறியதே இல்லை. அம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டுத் துணி சுற்றுவார். அடுத்த நாள் துணியோடு கடித்திருப்பான். மஞ்சளும் எண்ணெயும் இரத்தமும் கலந்த அந்த மணம் எங்கள் பாயில் இருந்தது, என் பள்ளிச் சட்டையில் இருந்தது.

பொங்கல் வந்தது. தம்பி வாய் திறக்கவில்லை. "சித்திரைக்குப் பாப்பம்" என்றார் பெரியப்பா.

அதற்கிடையில், 2003 மாசியில், காலபோக நெல் வெட்டி முடிந்து வைக்கோல் போர் போட்டிருந்த நேரம், முன்பள்ளி மண்டபத்துக்கு ஒருவர் வரத் தொடங்கினார். நெளுக்குளத்தில் இருந்து இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை வருவார். நாங்கள் நெளுக்குளத்து மிஸ் என்றோம். வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளின் மனதையும் நடத்தையையும் பார்க்கவென்றே படித்தவர். ஊருக்கு அது விளங்கவில்லை. 'ஊசி போடாத டொக்டர்' என்று பெயர் வைத்தது. ஓமந்தைப் பக்கம் இராணுவத்தின் சோதனையையும் இயக்கத்தின் சோதனையையும் கடந்து, விளையாட்டுச் சாமான் நிறைந்த ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வருவார். "அங்காலயும் பொம்மையின்ர வயித்தை அமத்திப் பாத்தவை, இஞ்சாலயும் அமத்திப் பாத்தவை. அதுக்கு இனி என்ன நோய் வருமோ தெரியாது" என்பார்.

அம்மா ஒரு ஆசையில் போனார். பெரியப்பா துணைக்கு வந்தார். நான் தம்பியைப் பிடிக்கப் போனேன். மிஸ் கதிரையில் இருக்கவில்லை. சீமெந்துத் தரையில் சம்மணம் போட்டு, தம்பிக்குப் பக்கத்தில், அவனைப் பார்க்காமல் இருந்தார். அவன் ஒரு தகர மூடியைச் சுழற்றினான். அவரும் ஒரு மூடியைச் சுழற்றினார். அவன் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். பெரியப்பா என் காதில், "உதுக்கோ படிச்சவ? உதை எங்கட ஆடே செய்யும்" என்றார்.

மிஸ் அம்மாவிடம் கேட்கத் தொடங்கினார்.

"ஒரு வயசில பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பாத்தவரோ?"

அம்மா பெரியப்பாவைப் பார்த்தார். "இல்லை."

"நிலாவைக் காட்டினால், உங்கட விரலைப் பாத்தவரோ, நிலாவைப் பாத்தவரோ?"

"ரெண்டையும் பாக்கேல்லை, மிஸ்."

"தூக்கினால் உங்கட முகத்தைப் பாத்துச் சிரிச்சவரோ?"

அம்மா அழத் தொடங்கிவிட்டார். மிஸ் அவசரப்படவில்லை. அழுது முடியவிட்டுச் சொன்னார். "இது ஷெல்லால வந்ததில்லை, அம்மா. நீங்கள் பயந்ததால வந்ததும் இல்லை. உங்கட பிழையே இல்லை. இதுக்கு ஓட்டிசம் எண்டு சொல்லுறது. அவர் பிறந்ததே இப்பிடித்தான். சமாதானம் வந்து மாறுற விசயம் இல்லை. ஆனால் அவருக்குக் கேக்கிறதுக்கு ஒரு வழி குடுத்தால் கையைக் கடிக்கத் தேவை வராது."

அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். ஆறு வருடம் தலையில் சுமந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. 'நான் அன்று ஓடாமல் இருந்திருந்தால் பிள்ளை நன்றாக இருந்திருக்கும்' என்று அவர் எத்தனை முறை தனக்குள் சொல்லியிருப்பார்!

பெரியப்பாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. "அப்ப எங்கட ரத்தத்தில பிழை எண்டுறியளோ?" என்றார்.

"பிழை எண்டு நான் சொல்லேல்லை, ஐயா."

"நீங்கள் சொல்லத் தேவையில்லை. ஊர் சொல்லும். என்ர வீட்டில ஒரு குமர் நிக்குது."

பெரியப்பாவின் மகளுக்கு, எங்கள் பெரியக்காவுக்கு, அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஷெல்லுக்குப் பயந்த பிள்ளை வீட்டில் இருந்தால் குற்றமில்லை. அது எதிரி செய்தது. பிறவியிலேயே அப்படி என்றால் அது எங்களுடையது. அந்தக் கணக்கை அவர் அந்தத் தரையில் நின்றபடியே போட்டு முடித்துவிட்டார். ஆனாலும் அம்மா போக விரும்பினார், மிஸ் பணமும் கேட்கவில்லை. "போறதெண்டால் போங்கோ. அந்தப் பேரை மட்டும் வெளியில சொல்லாதேங்கோ" என்று விட்டுவிட்டார்.

பங்குனியில் இருந்து ஒருமுறையும் தவறாமல் போனோம். முன்பள்ளிக்கு வெளியே ஒரு பாலை மரம். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது மிஸ் தாய்மாரை அந்த மரத்தின் கீழ் இருத்திக் கதைக்க வைப்பார். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முல்லைத்தீவுக் கரையில் இருந்து வந்த ஒரு அக்கா இருந்தா. வேதக்காரர், கத்தோலிக்கர். படகு போய்விட்டதால் புருசன் ஏ-ஒன்பது பாதை வேலைக்கு வந்திருந்தார். அவவின் மகளுக்கு எட்டு வயது. முகம் வட்டம், நாக்கு சற்று வெளியே, காணும் எவரையும் கட்டிப்பிடிப்பாள். அந்தக் கடற்கரை அக்காதான் முதலில் தொடங்கினா.

"எங்கட கோயிலில என்ர மகளைச் சம்மனசு, தேவதூதர் எண்டுவினம். சம்மனசு எண்டு சொல்லிப்போட்டு ஒருத்தியும் வாங்கில பக்கத்தில இருக்கமாட்டாள். அப்பிடியெண்டால் சம்மனசு கடிக்குமோ?"

அம்மா சிரித்தார். அப்பா போனபின் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை.

உள்ளே தம்பிக்கு மிஸ் ஒரு பழக்கம் பழக்கினார். கொழும்பில் அச்சடித்த பட அட்டைகள் அவர் பையில் இருந்தன. குளிர்சாதனப் பெட்டி, ரெயில், மின்விசிறி. மின்சாரமே காணாத பிள்ளைக்கு மின்விசிறியைக் காட்டி என்ன செய்வது? இரண்டாம் நாளே அவற்றைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டார். படத்துக்குப் பதில் சாமான். பிள்ளை ஒரு சாமானை எடுத்து உங்கள் கையில் தந்தால், அதற்குரியதை நீங்கள் அந்தக் கணமே கொடுக்க வேண்டும். பிந்தக்கூடாது, 'சொல்லு பாப்பம்' என்று இழுக்கக்கூடாது. தண்ணீருக்கு எந்தச் சாமான் என்பதைப் பிள்ளையே தெரிவு செய்ய வேண்டும் என்றார். எவர்சில்வர் பேணி, பிளாஸ்டிக் கோப்பை, கண்ணாடிக் கிளாஸ், ஒரு தேங்காய்ச் சிரட்டை ஆகிய நான்கையும் வரிசையாக வைத்தார்.

தம்பி சிரட்டையை எடுத்தான். வீட்டிலும் சிரட்டை என்றால் அவனுக்கு உயிர். உட்புறத்தைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பாக மினுங்க வைப்பான். அதைத் திருப்பிப் பார்த்து, தேய்த்து, மிஸ்ஸின் கையில் வைத்தான். மிஸ் உடனே அதில் தண்ணீர் வார்த்தார். "தண்ணி" என்றார். குடித்தான். வெறும் சிரட்டையை மறுபடி நீட்டினான். மறுபடி வார்த்தார். அன்று அந்த விளையாட்டில் அவன் வயிறு முட்டி மண்டபத்திலேயே மூத்திரம் பெய்தான். மிஸ் கைதட்டிச் சிரித்தார். "கேட்டதுக்குக் கிடைச்சது எண்டு கண்டுபிடிச்சிட்டார். இனி விடமாட்டார் பாருங்கோ."

விடவில்லை. ஒரு பழைய பிஸ்கற் தகரத்தில் சாமான் சேர்ந்தது. சிரட்டை தண்ணீருக்கு. அலுமாரி லாச்சியில் கிடந்த என் சைக்கிள் மணி மூடி வெளியே போவதற்கு. துவாய்த் துண்டு குளிப்புக்கு. காலையில் அவன் மணி மூடியைக் கொண்டுவந்து என் மடியில் போடுவான். நான் அவனைச் சைக்கிளின் முன்தண்டில் ஏற்றிக்கொண்டு குளக்கட்டுக்குப் போவேன். அந்த மூடி என் கையில் குளிர்ந்து கிடந்ததை இன்னும் உணர்கிறேன். வைகாசி நடுவில் அம்மா அவன் மணிக்கட்டுத் துணியை அவிழ்த்தார். புண் காய்ந்து இளஞ்சிவப்புத் தோல் வந்திருந்தது. அம்மா அந்த இடத்தை முத்தமிட்டார். அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. அவன் கதைக்க வேண்டும் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை.

ஆனி மாதத்தில் பெரியக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெரியப்பா வீட்டு விறாந்தையில் கதிரைகள் போட்டு, வவுனியாவில் இருந்து சோடா எடுப்பித்து, பலகாரம் சுட்டு, ஒரே அமர்க்களம். அம்மா குசினியில் நின்றார். தம்பி எங்கள் வீட்டில் இருந்து நடந்து வந்தான். தாகம். கையில் சிரட்டை. விறாந்தையில் ஏறி, நேரே மாப்பிள்ளையின் தாய்க்கு முன் போய் நின்று, இரண்டு கையாலும் அதை நீட்டினான்.

அவன் முகம் தெரியாத ஒருவரிடம் போய்க் கேட்டது அதுதான் முதல் தடவை. மிஸ் அங்கே இருந்திருந்தால் கூத்தாடியிருப்பார்.

அந்த மனுசி சோடாக் கிளாஸை மேசையில் வைத்தா. "இதென்ன, இந்த வீட்டுப் பிள்ளையள் சிரட்டையிலயோ தண்ணி குடிக்கிறது?" என்று தன் புருசனைப் பார்த்துச் சிரித்தா.

அந்தச் சிரிப்பு ஏன் சுட்டது என்பதை நம் வயதில் சிலர் அறியமாட்டீர்கள், அல்லது அறியாததுபோல் இருப்பீர்கள். சொல்கிறேன். இடம்பெயர முன்னர், எனக்கு ஆறு வயது இருக்கும்போது, பெரியப்பா வீட்டுப் பின்வேலியில் சிரட்டைகள் சொருகியிருக்கும். நெல் அருவி வெட்ட வருகிற ஆட்கள் சிலர், சாதி குறைவென்று, கிணற்றடிக்கு வரக்கூடாது. அவர்கள் வேலியில் இருந்து சிரட்டையை எடுத்து நீட்ட, பெரியம்மா உயரத்தில் இருந்து தண்ணீர் வார்ப்பார். குடித்துவிட்டுக் கழுவி வேலியில் சொருகிவிட்டுப் போக வேண்டும். 2003இல் அதை வெளிப்படையாகச் செய்ய ஒருவருக்கும் துணிவில்லை. ஆனால் சிரட்டை நீட்டுவது யார், வார்ப்பது யார் என்பதை ஒருவரும் மறக்கவும் இல்லை.

பெரியப்பா எழும்பினார். தம்பியின் கையில் இருந்து சிரட்டையைப் பிடுங்கினார். குசினிக்குள் போய் அடுப்பில் போட்டார். நல்ல காய்ந்த சிரட்டை; உடனே பற்றியது. தம்பி அடுப்புக்கு முன் நின்று பார்த்தான். பிறகு மணிக்கட்டைக் கடித்தான். விறாந்தையில் பெரியப்பா சொல்வது எங்களுக்குக் கேட்டது: "என்ர தம்பியின்ர பிள்ளை. தகப்பனும் ஷெல்லில போனவர். வயித்துக்கையே ஷெல்லுக்குப் பயந்தது. அதுதான் இப்பிடி." அந்த மனுசி உச்சுக் கொட்டினா. "ஐயோ பாவம். எங்கட சனத்துக்கு எவ்வளவு செய்துபோட்டாங்கள்."

சம்பந்தம் சரிவந்தது.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போகவில்லை. மிஸ் பின்நேரம் எங்கள் வீட்டைத் தேடி நடந்து வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. பெரியப்பா முற்றத்திலேயே மறித்தார்.

"எங்கட பிள்ளையைப் பிச்சைக்காரன் ஆக்கிப்போட்டியள். சிரட்டை நீட்டப் பழக்கினது ஆர்?"

மிஸ் பையை நிலத்தில் வைத்தார். "அவர் விரும்பினதை எடுத்தார். நான் அந்தக் கதையை யோசிக்கேல்லை, ஐயா. யோசிச்சிருக்க வேணும்" என்றார். "மாத்தலாம். ஒரே நாளில மாத்தினால் விளங்காது. பேணியில சிரட்டைத் துண்டு ஒண்டு ஒட்டுவம். பிறகு துண்டைச் சின்னனாக்குவம். பிறகு எடுத்துவிடுவம். ஒரு மூண்டு மாசம் தாங்கோ."

"ஒண்டும் வேண்டாம். ஷெல் பட்ட பிள்ளை எண்டு சனம் இரக்கப்படுது. அதைக் கெடுக்காதேங்கோ."

"இரக்கப்பட்ட சனத்தில ஒராளாவது அவருக்குத் தண்ணி வாத்ததோ?" என்று கேட்டார் மிஸ். குரல் உயரவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கோ அம்மா. நீங்கள்தான் தாய்."

அம்மா வாசலில் நின்றார். அரிசி பெரியப்பா வீட்டில் இருந்து வந்தது. கூரை பெரியப்பா போட்டது. அம்மா நிலத்தைப் பார்த்தார்.

மிஸ் இன்னும் இருமுறை வந்தார். பிறகு வரவில்லை, எங்கள் வீட்டுக்குத்தான். முன்பள்ளிக்கு, 2006 ஆவணியில் மறுபடி சண்டை தொடங்கிப் பாதை மூடும்வரை, வந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாலை மரத்தின் கீழ் கடற்கரை அக்காவின் சிரிப்புக் கேட்கும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. மகள் ஒரு மூடியை எடுத்துத் தாயிடம் நீட்டினாள். தாய் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தா. "முந்தி வேணுமெண்டால் கன்னத்தில அறைவாள். இப்ப மகாராணி மாதிரி மூடி நீட்டுறா. உன்ர கொம்மாவையும் வரச்சொல்லு பிள்ளை." நான் போய்ச் சொன்னேன். அம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நிற்கவில்லை.

பெரியக்காவின் கலியாணம் அடுத்த வருடம் ஆவணியில். தம்பியைக் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டினார்கள். மேளச் சத்தத்துக்குப் பயப்படுவானாம். அவன் மேளத்துக்கு உயிரை விடுபவன். தாலி கட்டி முடிந்து நான் திறந்தபோது கதவில் கன்னத்தை ஒட்டி இருந்தான். மணிக்கட்டில் சதை தெரிந்தது. பிஸ்கற் தகரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. மணி மூடியும் அதோடு போனது.

இனி 2009. பங்குனி, மாத்தளன் கரை. போரின் அந்தக் கடைசி மாதங்களைப் பற்றி நீங்களும் நானும் ஒருவருக்கொருவர் விளக்கத் தேவையில்லை. தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம் என்று ஓடிய ஓட்டத்தில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பாத்திரமாக விட்டுவிட்டு வந்தோம். எங்கள் பங்கரும் பெரியப்பாவின் பங்கரும் பக்கத்தில். பெரியம்மா வழியிலேயே போய்விட்டார். ஒரு மத்தியானம் பெரியப்பா கஞ்சி வரிசையில் நின்றுவிட்டு வந்தார். கையில் பேணி இல்லை, கோப்பை இல்லை. யாரோ எறிந்த சிரட்டையைப் பொறுக்கி, மணலால் தேய்த்து, அதை நீட்டிக் கஞ்சி வாங்கி வந்திருந்தார். அங்கே எல்லாரும் அப்படித்தான் வாங்கினார்கள். எல்லாச் சாதியும்.

தம்பிக்குப் பன்னிரண்டு வயது. என்னைவிட உயரம். மணிக்கட்டில் தோல் தடித்துக் கொம்புபோல் இருந்தது. பெரியப்பா குடித்து முடிக்கும்வரை சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கிட்டப் போய் அதை அவர் கையில் இருந்து மெதுவாக எடுத்தான். திருப்பிப் பார்த்தான். உட்புறத்தைப் பெருவிரலால் தேய்த்தான். இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான்.

ஆறு வருடம் ஆகியிருந்தது. அவன் மறக்கவே இல்லை. கேட்கும் வழி அவனிடம் அப்படியே இருந்தது. நாங்கள்தான் சிரட்டை ஒன்று அவன் கையில் படாமல் வைத்திருந்தோம்.

பெரியப்பாவின் கண் கலங்கியது. அந்த இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

"பாத்தியளே!" என்றார். "ஷெல்லுக்குப் பயந்து போன புத்தி, இப்ப ஷெல் சத்தத்திலயே திரும்பி வந்திட்டுது!"

"வாயைப் பொத்துங்கோ அத்தான்."

யார் சொன்னது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. அம்மா பங்கரின் படியில் நின்றார்.

"அவன் தண்ணி கேக்கிறான். அண்டைக்கும் கேட்டவன். நீங்கள் அடுப்புக்க போட்டனீங்கள். அவன் பிறந்ததே இப்பிடித்தான். என்ர வயித்தில இப்பிடித்தான் பிறந்தவன். ஷெல்லை இதுக்க இழுக்காதேங்கோ."

தம்பியின் கையில் இருந்து சிரட்டையை வாங்கிக்கொண்டு, மணலில் தோண்டியிருந்த ஊற்றுக்குக் குனிந்தபடி ஓடினார். அரைச் சிரட்டைத் தண்ணீர், உப்புக் கரிக்கும். கொண்டுவந்தார். "தண்ணி" என்றார், மிஸ் சொன்னது போலவே. அவன் குடித்துவிட்டு வெறும் சிரட்டையை மறுபடி நீட்டினான். அம்மா மறுபடி ஓடினார். ஷெல் சத்தம் கிட்டிக்கொண்டு வந்தது. நீட்டிய ஒவ்வொரு முறையும் அவர் போனார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அன்று தம்பி கையைக் கடிக்கவில்லை.

அவன் இப்போது என்னோடு இருக்கிறான். எங்கள் குழாயடியில் ஒரு சிரட்டை தொங்குகிறது. வருகிறவர்கள் சிலர் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நான் எடுத்து ஒளிப்பதில்லை. பிறகு நான் மிஸ்ஸைத் தேடினேன். நெளுக்குளத்தில் அவர் இருந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

மண்டபத்தில் மகனை மடியில் வைத்திருந்த தோழி, இது உனக்கு. கொரோனாவைச் சொல்லாதே. பள்ளிக்கூடத்தைக் காட்டித் தள்ளிப்போடாதே. எங்கள் வீட்டில் சமாதானம் வரட்டும் என்று காத்திருந்தார்கள். வந்தபோது எதுவும் மாறவில்லை. வவுனியாவிலேயே இப்போது இந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கே கூட்டிக்கொண்டு போ. உன் மாமியார் என்ன சொல்வார், உன் தங்கைக்கு யார் வருவார்கள் என்று கேளாமல் போ.

அன்று அந்த மேசையில் உன் மகன் உன் கையை எடுத்துப் போத்தல் மூடியில் வைத்தானே, இரண்டு முறை. அது குழப்படி இல்லையடி. அவன் உன்னிடம் சோடா கேட்டான்.